புல்லட் மண்ணில் ஓர் எக்ஸ்எல்

மீஞ்சூரில் வேலைக்குப் போக வண்டி வாங்கப் போவதாக வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். டீக்கடை பெஞ்சே ஷோரூம் ஆகிவிடும். பக்கத்துத் திருவொற்றியூரில் 1950-களிலேயே புல்லட் தயாரிப்பு தொடங்கியதல்லவா, அந்த மண்வாசனையில் ஒருவர் "வாங்கினா புல்லட்தான் தம்பி" என்பார். இ.எம்.ஐ. கட்டப்போவது அவரில்லை.

அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் போகிறவருக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு கன்டெய்னர் லாரி. அந்த வரிசையில் 350 சிசியும் 100 சிசியும் ஒரே வேகத்தில்தான் நிற்கும். சாம்பலும் உப்புக்காற்றும் செயினைத் தின்கிற ஊரில், அதை முழுசாக மூடும் கவர் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. ஸ்டிக்கர் என்ன கலர் என்பதே கேள்வி.

1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரைத் தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். அதைவிட முக்கியம், திரும்ப மாட்டவும் செய்வார். மூட்டை முடிச்சு ஏற்ற கியரே இல்லாத டிவிஎஸ் எக்ஸ்எல் 100 இருக்கிறது. புது மாப்பிள்ளைக்கு அது கௌரவக் குறைச்சல். மீன்கூடைக்கு அந்தக் கவலையில்லை.

பெஞ்சை விடுங்கள், மெக்கானிக்கைக் கேளுங்கள். பழைய வண்டி என்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.