வீட்டு ஆய்வகத்தார்

இணையம் தடையின்றி வந்துகொண்டிருக்கும் வீட்டில் அதை முதலில் நிறுத்தி, பிறகு வரவழைக்கப் பாடுபடுவதையே கல்வியாகக் கொண்டோரை வீட்டு ஆய்வகத்தார் எனலாம். இயந்திரவியலில் பட்டம் பெற்று, வேலைச் சந்தையின் போக்கைப் பார்த்து மனம் மாறி, சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்னும் வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் சென்னை இளைஞர் இவ்வகையின் சிறந்த மாதிரி.

அந்நிறுவனமே இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளில் கருவிகளையும் கேபிள்களையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம். தேர்வுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் திரையில் வரைந்த மேகத்தை இணையம் என்று ஏற்க இவர் மனம் ஒப்பாது. ஆகவே ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட, 2004இல் அறிமுகமான 1841 வகை ரவுட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வருவார். ரவுட்டர் என்பது தரவுப் பொட்டலங்களை ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழியனுப்பும் கருவி. விசிறி ஓசையால் வீட்டாரின் தூக்கத்தையும் அதுவே வழியனுப்பி வைக்கும். அதற்குக் கட்டளையிடக் கன்சோல் கேபிள் என்னும் வெளிர்நீலத் தட்டைக் கம்பி வேண்டும். அக்கம்பி பொருந்தும் துளை இக்கால மடிக்கணினிகளில் இல்லாததால் ஒரு மாற்றி வேண்டும். மாற்றிக்கு டிரைவர் என்னும் இயக்கு நிரல் வேண்டும். அந்த நிரலை இறக்க இணையம் வேண்டும். அந்நேரம் இணையம் ஒழுங்காக வேலை செய்வது அவருக்குச் சற்று ஏமாற்றமே.

இணையச் சேவை தருவோர் மாட்டிவிட்டுப் போன பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்குகிறது. ஆய்வகத்தார் தம் ரவுட்டருக்குப் பின்னால் 192.168.10 என்று தொடங்கும் தனி நாட்டை அமைக்கிறார். இரண்டுமே 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய முகவரிகள். வீட்டு வாசலைத் தாண்டினால் இவற்றுக்குச் செல்வாக்கு இல்லை. அமைத்து முடித்ததும் அவர் செய்யும் முதல் காரியம் பிங் அனுப்புவது. 1983இல் மைக் மூஸ் எழுதிய இச்சிறு நிரல் எதிர்முனைக்குப் பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும். சிஸ்கோ ரவுட்டரில் வந்த பதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆச்சரியக்குறியும், வராததற்கு ஒரு புள்ளியும் விழும். (முதன்முறை அனுப்பும்போது ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறிகளும் விழுவது இயல்பு; பக்கத்துக் கருவியின் வன்பொருள் முகவரியைக் கேட்டறிவதற்குள் முதல் பொட்டலம் தொலைந்துவிடுகிறது. அந்த ஒரு புள்ளிக்காக ஓரிரவு துக்கம் காத்தவர்களும் இவ்வகையில் உண்டு.)

ரவுட்டரிலிருந்து கூகுளின் 8.8.8.8 என்னும் முகவரிக்கு பிங் போகிறது. அதே ரவுட்டருக்குப் பின்னாலுள்ள கணினியிலிருந்து போகவில்லை. இந்நிலைதான் ஆய்வகத்தாரின் பொற்காலம். அவர் கேபிளை மாற்றுவார், துளையை மாற்றுவார், கணினியின் ஃபயர்வாலை அணைப்பார், வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஏழடுக்கு ஓஎஸ்ஐ மாதிரியில் கீழிருந்து மேலேறுவதா மேலிருந்து கீழிறங்குவதா என்று தமக்குத்தாமே வாதிடுவார். “ஏண்டா, நல்லா வந்துட்டிருந்த நெட்டை எதுக்குடா நோண்டுற?” என்று தாயார் கேட்டால், “ரவுட்டருக்கு வருதும்மா, பிசிக்குத்தான் வரல” என்பார். தாயாருக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை.

உண்மையில் பொட்டலம் வெளியே போய்விட்டது. பதிலுக்குத்தான் திரும்பும் வழி தெரியவில்லை. அனுப்புநர் இடத்தில் “மாடி அறை” என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குப் பதில் போட நினைக்கும் அஞ்சல்காரரின் நிலையே சேவையாளர் பெட்டியின் நிலை: 192.168.10 எங்கிருக்கிறது என்று அறியாத அது, பதிலைத் தனக்குத் தெரிந்த ஒரே பொதுவழியில், அதாவது வெளியே, தள்ளிவிடுகிறது. ரவுட்டர் தானே அனுப்பும்போது பெட்டிக்குத் தெரிந்த 192.168.1 முகவரியைத் தாங்கிப் போவதால் பதில் வந்து சேர்கிறது. ஆகவே அந்த ஆச்சரியக்குறிகள் கணினியின் நிலைபற்றி எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் அவற்றை நம்பியே அவர் ரவுட்டரை விட்டுவிட்டுக் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார். திரும்பும் வழியைப் பெட்டிக்கே சொல்லித் தரலாம் என்றாலோ, பல பெட்டிகளில் அந்தப் பக்கத்தைச் சேவையாளர் பூட்டியே வைத்திருப்பார். எஞ்சிய மருந்து நாட் என்னும் முகவரி மாற்றம்: வெளியேறும் பொட்டலங்களின் உள்முகவரியை அழித்து ரவுட்டர் தன் முகவரியை எழுதிக்கொள்ளும். நான்கே வரிக் கட்டளை. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பதை மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். அவர் மாற்றித்தான் எழுதுவார்.

ஒருவழியாகச் சரியாக எழுதிய பிறகும் அவ்வரிகள் ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். சேமிக்கும் கட்டளையைத் தனியாகத் தராவிட்டால் மின்சாரம் போகும்போது கூடவே போய்விடும். ஓடுவதெல்லாம் நிற்பதில்லை என்று நம்பும் வயதினருக்குச் சேமிப்பு தோன்றாது. யாருமில்லாத அறையில் எதற்கு இவ்வளவு இரைச்சல் என்று தந்தையார் சுவிட்சை அணைக்கையில்தான் தோன்றும்.

மறுநாள் எல்லாம் மீண்டும் எழுதப்படுகிறது. கணினியிலிருந்து பிங் போகிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையகம் எது என்று கணினிக்குச் சொல்ல மறந்திருக்கிறார். அந்த ஒரு வரியையும் சேர்த்ததும் தேடுபொறியின் வெறும் பக்கம் திறக்கிறது. அதில் தேடுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, எழுதிய அனைத்தையும் அழிக்கும் கட்டளையைத் தந்து ரவுட்டரை மறுபடி தொடங்கச் செய்கிறார். வெறுமையாக எழும் அந்த வகை ரவுட்டர், ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுத் தானே அமைத்துத் தரட்டுமா என்று வினவும். வேண்டாம் என்று விடையளிக்காத ஆய்வகத்தார் எவரும் இல்லை.