முதுகில்லாதோர் காபிக் கடை

தி.நகர் நெரிசலிலிருந்து தப்பி வருவோருக்கு ஒரு புகலிடம் திறந்திருக்கிறது. வெள்ளைச் சுவர், சிமென்ட் தரை, ஒற்றை மரப்பலகை. சாய்வதற்கு நாற்காலி கிடையாது. முதுகு என்பதே பழைய காலத்துப் பழக்கம்தானே. பெயர்ப்பலகையும் இல்லை. கண்டுபிடிக்கத் தெரியாதவருக்குக் காபி எதற்கு?

தராசில் 15 கிராம் தூளை நிறுத்து, 60 டிகிரி கோணத்தில் சரியும் வி60 கூம்பில் இடுகிறார் கறுப்பு ஏப்ரன் இளைஞர். 93 டிகிரி வெந்நீரை நீண்ட மூக்குக் கெண்டியால் 30 கிராம் மட்டும் ஊற்றிவிட்டு, அரை நிமிடம் கைகட்டி நிற்கிறார். தூளிலுள்ள கரியமில வாயு வெளியேற வேண்டுமாம். வாடிக்கையாளரும் மூச்சை அடக்கிக்கொள்வது மரியாதை. மொத்தம் மூன்று நிமிடம். அதற்குள் பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் குடித்துவிட்டு ஆட்சியையும் மாற்றிவிடுகிறார்கள்; அவசரக்காரர்கள்.

சர்க்கரை, பால், சிக்கரி எல்லாம் ஏற்கெனவே விடைபெற்றுவிட்டன. அடுத்து கோப்பையையும் நீக்கினால் மினிமலிசம் பூரணமாகும். பில் மட்டும் ஜி.எஸ்.டி.யோடு செழிப்பாக இருக்கிறது.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சர்க்கரை கேட்டார். "வேண்டாம் சார், மல்லிகை வாசம் போயிடும். தாண்டிக்குடி எஸ்டேட், 86 பாயிண்ட்" என்றார் இளைஞர். நூற்றுக்கு 80 வாங்காத கொட்டை ஸ்பெஷாலிட்டி ஆகாது. பொறியியல் கட் ஆஃப் தோற்றது. பெரியவர் பயபக்தியோடு தலையாட்டி, 350 ரூபாயை எண்ணி வைத்தார்.

தாண்டிக்குடியில் அந்தக் கொட்டையை விளைவித்து மூட்டை கட்டி அனுப்பியவரே அவர்தான். "எங்க வீட்ல இதுல சிக்கரி போட்டு, பால் ஊத்திக் குடிப்போம் தம்பி."

இளைஞர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்லயும்தான் சார். வெளியில சொல்லிடாதீங்க."