நாள் கீயாகுமா? ஒரு நூற்பாவும் அதன் விருத்தியுரையும்

நாளே கீயாய் நிற்றலும் உரித்தே;
நேரம் நிற்றல் நெறியன்று என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஜாவாப் பொருள்களை டேட்டாபேஸ் அட்டவணையில் வைத்துத் திரும்ப எடுத்துத் தரும் ஹைபர்னேட் முதலான மென்பொருள்களில், தேதியைப் பிரைமரி கீயாக வைக்கலாமா என்பதை உணர்த்துதல் நுதலிற்று. (சூத்திரம் இக்கட்டுரையாளர் செய்தது. ஓலைகளில் தேட வேண்டாம்.)

உதாரணம், சென்னைத் தங்க விலை அட்டவணை. நாளுக்கு ஒரு வரிசை, அதில் கிராம் விலையும் சவரன் விலையும். எட்டால் பெருக்கினால் வருவதற்கு இரண்டாவது பத்தி எதற்கு என்பாரும் உளர். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

முதலில் பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பு வாதம். ஒரு நாள் ஒரு முறைதான் வரும்; ஆகவே தேதியே தனித்துவமானது, தனியாக எண் எதற்கு என்பர் இயற்கைக் கீ வாதிகள். பிரமாணமும் காட்டுவர். ஹைபர்னேட் முதலானவை பின்பற்றும் ஜே.பி.ஏ. என்னும், 2006-இல் வெளியான விதிநூல், கீயாகத் தகும் வகைகளின் பட்டியலில் ஜாவாவின் டேட்டையும் சேர்த்திருக்கிறது. நேரத்தை விட்டு நாளாக மட்டுமே பதிய வேண்டும் என்பது நிபந்தனை. இதனால் முதலடி பெறப்பட்டது.

அற்றேல், காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் அறிவித்தால் என் செய்வது எனின், டேட்டாபேஸ் இரண்டாம் வரிசையை வாசலிலேயே திருப்பி அனுப்பும். அந்த மாலையில்தான் ஒருவர் பத்தியின் வகையை, நேரத்தையும் சேர்த்துச் சுமக்கும் டைம்ஸ்டாம்பாக மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குக் கிளம்புகிறார். இரண்டாம் அடி அவருக்காக எழுதப்பட்டது.

கீயின் இலக்கணம் ஒன்றே: போனது போனபடி திரும்பி வர வேண்டும். நேரத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஜாவா நொடிப் புள்ளிக்குப் பின் ஒன்பது இலக்கம் வரை சுமக்கும். போஸ்ட்கிரஸ் ஆறோடு நிறுத்திக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லிடம் எத்தனை இலக்கம் என்று சொல்லாமல் விட்டால் ஒன்றுகூட வைக்காது, அருகிலுள்ள முழு நொடிக்குத் தள்ளிவிடும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையோ, மில்லிநொடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 இவற்றுள் ஒன்றாகவே இருக்கும் என்று விரதம் பூண்டது. ஆகவே 10:15:30.7 என்று அனுப்பிய கீ, மைஎஸ்க்யூஎல்லில் 10:15:31 என்று குடியேறியிருக்கும். ஹைபர்னேட் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டும். திருத்திய வரிசைகள் பூஜ்யம் என்று பதில் வந்ததும், வேறு யாரோ இந்த வரிசையை மாற்றிவிட்டார்கள் அல்லது அழித்துவிட்டார்கள் என்று புகார் செய்யும். அலுவலகத்தில் வேறு யாருமே இருக்கமாட்டார்கள்.

வாரிசுத் தகராறும் உண்டு. டைம்ஸ்டாம்ப், டேட்டின் வழித்தோன்றல். இவன் எனக்குச் சமமா என்று டேட்டைக் கேட்டால் ஆம் என்னக்கூடும்; அதே கேள்வியை டைம்ஸ்டாம்பிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். பொருளில் நாம் வைத்தது டேட், டேட்டாபேஸிலிருந்து எடுத்து வருவது டைம்ஸ்டாம்ப் என்றால், இரண்டையும் ஒரே ஹேஷ்மேப்பில் நம்பி வைக்க முடியுமா? போதாததற்கு, டேட்டின் மதிப்பை அதில் வைத்த பிறகும் மாற்றலாம்.

முதலடிக்கும் ஒரு புறனடை வேண்டும். பழைய டேட் வகைகள் நாளை நள்ளிரவு என்ற கணமாகவே சுமக்கின்றன. சென்னையில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணி, யூடிசி-யில் வியாழன் 18:30. சர்வர் யூடிசி-யில் ஓடினால் வெள்ளியின் விலை வியாழனின் கீயில் போய் உட்காரும். (சமோவாவில் நேர மண்டலத்தை மாற்றியபோது 2011 டிசம்பர் 30 என்ற நாளே வராமல் போயிற்று. அங்கே தங்க அட்டவணை வைத்திருந்தவருக்கு ஒரு வரிசை மிச்சம்.)

இனிச் சுபக்கம், அதாவது நம் தரப்பு. 2014-இல் ஜாவா 8-உடன் வந்த லோக்கல்டேட்டுக்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை, மாறும் குணமும் இல்லை. ஜே.பி.ஏ. 2.2 அதை 2017-இல் அடிப்படை வகையாக ஏற்றது. விடுமுறைப் பட்டியல்போல் நாளுக்கு மெய்யாகவே ஒரு வரிசை உள்ள இடத்தில் அதைக் கீயாக வைப்பது குற்றமன்று.

ஒரே நாளில் இரண்டு விலை வரக்கூடிய தங்கத்துக்கு அதுவும் ஆகாது. தானே வளரும் ஓர் எண்ணைக் கீயாக்கி, தேதியையும் அன்றைய அறிவிப்பு எண்ணையும் சேர்த்து யுனீக் கட்டுப்பாடு போடுக. ஏற்கெனவே டைம்ஸ்டாம்பைக் கீயாக்கிவிட்டவர்கள் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மற்ற அட்டவணைகள் அதை ஃபாரின் கீயாகப் பிடித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.