கொசுவுக்குக் கடன்பட்ட ரத்தம்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் இன்று பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்காரர் குறைந்தது 200 வெள்ளி அபராதம் கட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவிலும் மலாயாவிலும் தோட்ட முதலாளிகள் ஏக்கர் கணக்கில் கொசு வளர்த்தார்கள். ஒருவரும் அபராதம் கேட்கவில்லை. தாங்கள் வளர்ப்பது ரப்பர் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். இந்த வட்டாரமே அப்படிப்பட்ட ஒருவரின் கைங்கர்யம்தான். அன்னாசியிலும் ரப்பரிலும் பணம் குவித்த லிம் நீ சூன், தம் முன்னோர் ஊரின் நினைவாக மார்சிலிங் என்று பெயர் வைத்தார்.

காட்டை வெட்டினால் மலேரியாக் காய்ச்சல் ஓடிவிடும் என்பது அன்றைய ஞானம். கிள்ளானில் 1901-இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடித்து, காட்டையும் வெட்டிப் பார்த்தார். சமவெளியில் காய்ச்சல் குறைந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அதே கத்தியை மலைச்சரிவுகளில் வைத்தபோது காய்ச்சல் கூடிவிட்டது. சமவெளிக் கொசுவுக்கு நிழல் வேண்டும். குன்றில் இருந்த அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் மாளிகை. மரத்தை வெட்டி, ஓடையைத் திறந்துவிட்டு, கொசுவுக்குக் கிரகப்பிரவேசமும் செய்து வைத்தது முதலாளி. குளிரில் நடுங்கியது நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம்மவர். 1911 வாக்கில் சிங்கப்பூருக்கும் புத்தி வந்து, தெலுக் பிளாங்கா பக்கம் வடிகால் வெட்ட ஆரம்பித்தார்கள்.

கொசுதான் இந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று காட்டியதில் ரொனால்ட் ராஸின் பங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றைக் கிழித்து, மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அந்தக் கொசு கடித்த நோயாளி ஹுசைன் கான். கடிக்கு ஒரு அணா கூலி. ராஸுக்கு 1902-இல் நோபல் கிடைத்தது. இதைவிட அழகான சங்கதியும் ஒன்று உண்டு. வியன்னாவின் வாக்னர்-யாவ்ரெக், மேகநோய் மூளைக்கேறிய நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் மேகநோயைக் கொல்லப் பார்த்தார். அவருக்கும் 1927-இல் நோபல். மலேரியா எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தவருக்கும் பரிசு, கையோடு பரப்பியவருக்கும் பரிசு.

மலேரியாவுக்கு மருந்து பெருவின் சிங்கோனா மரப்பட்டை. பிரிட்டிஷ்காரர்கள் அதன் விதைகளையும் நாற்றுகளையும் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, 1860-களில் நீலகிரியில் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் வேலைக்கு ஆள் வேண்டுமே? சிங்கப்பூர், பினாங்கு பகுதியிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகள் மதராஸ் மாகாணச் சிறைகளில் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் மலையில் விட்டார்கள். அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இந்தியக் கைதிகள் சிங்கப்பூர் வந்து சாலை போட்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் எழுப்பியிருந்தார்கள். ஆக, நீ உன் கைதியைத் தா, நான் என் கைதியைத் தருகிறேன் என்று இரண்டு ஊரும் கைமாற்றிக்கொண்டன. விடுதலையான சீனர்கள் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நீலகிரியிலேயே தங்கிவிட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு போய் அந்தக் குடும்பங்களையும் அளந்து பார்த்தார். யார் மூக்கைக் கண்டாலும் அளக்காமல் விடாத மனிதர்.

அந்த மரப்பட்டையிலிருந்து எடுத்த குயினைன் கசந்தாலும் வேலை செய்தது. ஆனால் வைவாக்ஸ் வகை மலேரியா ஒரு தந்திரம் வைத்திருந்தது. ரத்தத்தில் அடிபட்டாலும், கல்லீரலில் சில கிருமிகள் உறங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்து எழுந்து வரும். அதை ஒழிக்க 1920-களில் ஜெர்மானியர் பாமாகுவின் செய்தார்கள். சிலருக்குச் சிறுநீர் கறுத்தது. அடுத்து வந்த பிரைமாகுவின் கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொடுக்கப்பட்டது. அவர்களிலும் சிலருக்கு, குறிப்பாகக் கறுப்பினத்தவருக்கு, ரத்தச் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடைந்தன. இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளை வைத்து ஆராய்ந்து (கைதி இல்லாமல் இந்தக் கதை ஒரு அடியும் நகராது) 1956-இல் காரணம் கண்டார்கள். உடைந்தவர்களின் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவு.

அந்த நொதிதான் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் காவல்காரன். காவல் குறைந்த அணுவுக்கு மலேரியா விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு; கிருமிக்கு அந்த இடம் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் மலேரியா ஆண்ட ஊர்களில் இந்தக் குறையுள்ளவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். இன்று உலகில் சுமார் 40 கோடிப் பேர். பித்தாகரஸ் அவரைத் தோட்டத்துக்குள் கால் வைக்க மறுத்து எதிரிகளிடம் மாட்டி உயிர்விட்டார் என்று ஒரு கதை உண்டு. ஃபாவா என்ற அந்த அவரையும் இவர்களின் ரத்தத்தை உடைக்கும். அவருக்கு இந்தக் குறை இருந்ததா என்று அவரது முக்கோணங்களைக் கேட்டு என்ன பயன்?

மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே. ஒன்று பழுதென்றால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடுவாள். மருமகளைக் குற்றம் சொல்லக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல்: அவளுக்கு அது அவள் அப்பனிடமிருந்தே வந்திருக்கலாம்.

சிங்கப்பூரில் இது விளையாட்டாக இருக்கவில்லை. பிறந்த குழந்தைகள் மஞ்சள் காமாலை முற்றி, மூளை பாதிக்கப்பட்டு மடிந்தன. குழந்தை மருத்துவர் வோங் ஹாக் பூன் ஜி6பிடி குறையைச் சுட்டிக்காட்டினார். 1965-இல், நாடு தனியாகப் பிரிந்த அதே வருஷத்தில், தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் தொடங்கியது. குறையுள்ள குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். அந்த மூளைப் பாதிப்பு ஏறக்குறைய காணாமல் போயிற்று. ஹுவாங் லியான் என்ற சீன மூலிகையும் சந்தேகத்தில் மாட்டி 1978-இல் தடைபட்டது. 2013 முதல் தடை படிப்படியாகத் தளர்ந்தது. மலேரியா 1982-லேயே மூட்டை கட்டிவிட்டது. அது எழுதிவைத்த மரபணு மட்டும் பலர் ரத்தத்தில் குடியிருக்கிறது.

அதனால் மார்சிலிங்கில் ஒரு பேரன் பிறந்து, அவனுக்கு இந்தக் குறை என்று மருத்துவமனை சொன்னால், தாத்தா டப்பாவில் மிச்சம் வைத்திருக்கும் மாத்திரைகள் ஆபத்தானவை. சல்ஃபா வகையில் சில, டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபியூரன்டாயின், பிரைமாகுவின் எல்லாம் வம்பு செய்யக்கூடியவை. கடற்பாலம் தாண்டி ஜோகூர் பாருவில் மலிவாக வாங்கி வந்தாலும் ரத்தம் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. பலதுறை மருந்தகத்துக்குப் போனால் முதல் வாக்கியமாக ஜி6பிடி என்று சொல்லிவிட வேண்டும். தேக்காவில் மருதாணி வாங்கிப் பிஞ்சுக் கையில் வைக்கும் ஆசையையும் தள்ளிப் போடலாம்.

பாட்டிதான் சிக்கல். தூளி கட்ட இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய சேலையை எடுப்பாள். அதில் பத்து வருஷப் பாச்சை உருண்டை வாசம். அந்த நாஃப்தலின் நெடியே குழந்தைக்குப் போதும். தூளிக்குப் புதுசாக ஒரு பருத்திச் சேலை வாங்கிக் கொடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பட்டைத் தானே கட்டிக்கொள்வேன் என்று பாட்டி அடம் பிடித்தால் கட்டிக்கொள்ளட்டும். அதை மாற்றிவிட்டு வந்து பேரனைத் தூக்கட்டும்.