ஓட்டையைப் பார்த்து வயசு சொல்பவர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், சுற்றாத மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே குந்தி, துருப்பிடித்த எடை மெஷினின் காசு ஓட்டையை ஸ்கேலால் அளந்துகொண்டிருப்பார் ஒரு பெரியவர். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று தெருவுக்கு ஒருவர் தேறும், பழைய எடை மெஷின்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்யும் இனம். பைத்தியம் என்கிறது ஊர். ஆனால் அவர் வழியில் கணக்கு இருக்கிறது. மெஷின்மேல் உள்ள பெயர்த் தகட்டை அவர் நம்புவதில்லை. தகட்டை யார் வேண்டுமானாலும் மாற்றி அடிக்கலாம். ஓட்டை அப்படியல்ல; எந்தக் காசுக்காக வெட்டினார்களோ, அதன் காலத்தைச் சொல்லிவிடும். 1975-இல் வந்த ஒரு ரூபாய்க் காசின் அகலம் 28 மில்லிமீட்டர். 1983-இல் 26, 1992-இல் 25, 2011-இல் 22. எட்டு கிராம் இருந்த ரூபாய் நாலு கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. எடை மெஷினோடு பழகியவர்களில் உருப்படியாக இளைத்தது ரூபாய் ஒன்றுதான். ஓட்டையையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்டால், உள்ளே ஒட்டுப்போட்ட தகரமே அதற்குச் சாட்சி என்பார். அதுவும் நியாயம்தான்.

குப்பையைக் கிளறுவதில் என்ன பெருமை என்பவர்களுக்குப் பல்லாவரமே பதில் சொல்லும். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே குனிந்து எடுத்த கல், பழைய கற்காலக் கைக்கோடரி என்று தெரிந்து, இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளியது. அதை அன்று காயலான் கடையில் போட்டிருந்தால் ஒரு பேரீச்சம்பழம்கூடத் தேறியிருக்காது. குனிகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை மற்ற ஊர்களுக்கு இருக்கலாம், பல்லாவரத்துக்குக் கிடையாது.

பழைய மெஷினுக்குள் டிஜிட்டல் தராசு வைத்து, க்யூஆர் அட்டை ஒட்டிவிட்டால் வேலை சுலபம்தானே என்று பெரியவர் வீட்டில் சொல்வதும் உண்மை. ஆனால் எடை மட்டும் தெரிந்துகொள்ள யாரும் ரயில்வே பிளாட்பாரத்தில் அந்தப் பழைய மெஷின்மேல் ஏறவில்லை. விளக்குகள் மின்னி, வட்டுச் சுழன்று, ‘டக்’கென்று விழும் அட்டையில் ஒரு பக்கம் நடிகர் படம், மறுபக்கம் எடையோடு பலன்: காசு அதற்குத்தான். ஆகவே ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டு, 26 கிலோ அரிசி மூட்டையை ஏற்றி முள்ளைச் சரிபார்க்கிறார். மூட்டைக்கு என்ன பலன் வந்தது என்றும் படித்துவிட்டுத்தான் இறக்குகிறார். மெஷின் எந்த ஊரில், எந்த வாசலில் நின்றது என்று எழுதிவைக்காததுதான் அவரிடம் உள்ள பெரிய குறை. அதை நாம் திருத்த முடியாது. இன்னொரு உதவி செய்யலாம். 1992-க்கு முந்தைய ஒரு ரூபாய் உங்கள் அஞ்சறைப்பெட்டியில் கிடந்தால் அவருக்குக் கொடுங்கள். எடை சரியாக வரும். பலனுக்கு அவர் பொறுப்பல்ல.