நாணமுடை ஆண் கினிப்பன்றியும் இரண்டு பெண்களும்: ஒரு களவியல் ஆராய்ச்சி

ஆணுக்குப் பெருமையும் உரனும், பெண்ணுக்கு அச்சமும் நாணமும் மடமும் என்று தொல்காப்பியர் பங்கு பிரித்துக் கொடுத்தபோது அவர் கினிப்பன்றியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது அப்போது ஆண்டிஸ் மலைப்பகுதியின் அடுக்களைத் தரைகளில், தன் முறை என்றைக்கு என்று தெரியாமல் காய்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகள் அடுப்பங்கரையிலேயே வளர்க்கப்பட்டு, அந்த அடுப்பிலேயே வெந்த ஒரு குலத்துக்குக் கூச்ச சுபாவம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அநாகரிகம். ஆனால் அந்தக் கூச்சம் பெண்களைவிட ஆண் ஒருவனிடம் அதிகமாகக் குடிகொண்டால் இலக்கணம் என்ன சொல்லும்? நூலோர் விட்டுவைத்த இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு முன் யாரும் நிரப்ப முயலவில்லை என்பதிலிருந்தே இதன் அவசியம் விளங்கும்.

ஆய்வுக் களம் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகருக்கு அருகில் என் தங்கை வீட்டு வரவேற்பறை. ஆய்வுக்கு உட்பட்டோர் மூவர். காயடிக்கப்பட்ட ஆண், பெயர் புட்டு. பெண்கள் சம்பல், சொதி. பெயர் வைத்தது என் மருமகள். யாழ்ப்பாணத்துக் காலைச் சாப்பாட்டை அவள் அந்த அளவுக்கு மறக்கவில்லை என்பதில் குடும்பத்துக்குப் பெருமை.

களத்தின் சட்டப் பின்னணியைச் சொல்லியாக வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியே வளர்க்கக் கூடாது என்று 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. கினிப்பன்றியும் அதில் அடக்கம். விதி நல்ல விதிதான், கணக்குத்தான் இடிக்கிறது. இரண்டில் ஒன்று இறந்தால் மிச்சமிருப்பது சும்மா இருந்தபடியே சட்டத்தை மீறிவிடுகிறது. துணைக்கு ஒன்று வாங்கினால், முதியது போனதும் புதியது தனித்துவிடும். அதற்கும் ஒன்று வாங்க வேண்டும். இப்படியே போனால் சட்டத்துக்குப் பயந்த ஒரு குடும்பம் வாழையடி வாழையாகக் கினிப்பன்றி வளர்த்துத்தான் தீர வேண்டும். இந்தச் சுழலில் இருந்து தப்பவே, மிச்சக் காலத்துக்கு மட்டும் துணையை வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் அந்த நாட்டில் முளைத்தது. புட்டுவின் அண்ணன் இறந்தபோது என் தங்கை வாடகை வழியை நாடவில்லை. காயடித்த ஓர் ஆணும் இரண்டோ அதற்கு மேலோ பெண்களும் சேர்ந்த கூட்டமே சண்டை குறைந்தது என்பது அங்கு இதை வளர்ப்போரின் பொதுக் கருத்து. அதன்படி நடந்தாள்.

காயடித்த மறுநாளே மாப்பிள்ளையைப் பெண்கள் நடுவே விட முடியாது. குழாய்களில் தங்கியிருக்கும் விந்து தீரும்வரை அவன் தகப்பனாகும் தகுதியோடுதான் இருக்கிறான். ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கிட்டத்தட்ட ஒரு மண்டலம். இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கர்ப்பகாலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாள், குட்டிகள் கண் திறந்து, மயிரும் பல்லுமாகவே பிறக்கும், ஆண்குட்டி மூன்று வாரத்திலேயே அடுத்த தலைமுறைக்கு அடிக்கல் நாட்டக்கூடும். வாழையடி வாழை என்று மேலே சொன்னது இந்த வேகத்தில் வாழைத்தோட்டமாகிவிடும்.

இனி மையக் கேள்வி. கூச்சம் உடலில் எங்கே இருக்கிறது? காயடித்தால் குணம் மாறும், முரடன் சாதுவாவான் என்பது பலருடைய நம்பிக்கை. சாது இன்னும் சாதுவாகி ஒன்றுக்கும் உதவாமல் போவான் என்பது மருமகளின் அம்மம்மாவின் அச்சம். இந்தக் கேள்விக்கான சான்று 1952இலேயே கிடைத்துவிட்டது. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கிரண்ட், யங் என்ற இருவர் ஆண் கினிப்பன்றிகளை வேட்கை மிகுந்தவை, நடுத்தரம், மந்தமானவை என்று மூன்றாகப் பிரித்து, எல்லாவற்றையும் காயடித்தார்கள். எல்லாம் ஒருசேர அடங்கின. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றினார்கள். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஆனால் மிகுந்தவை மிகுந்த நிலைக்கும், மந்தமானவை தங்கள் பழைய மந்தத்துக்கும் திரும்பிப் போய் நின்றன. ஆகவே சுபாவத்தின் இருப்பிடம் விதைப்பை அல்ல என்று ஐயமின்றிக் கொள்ளலாம். யங் அடுத்து வேறு இருவரோடு சேர்ந்து 1955இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உருக்கமானது. குட்டியிலிருந்தே தனியே வளர்ந்த ஆண்கள், ஆர்வம் இருந்தும், பெண்ணின் எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறின. புட்டு அந்த வகை அல்லன். அண்ணனோடு வளர்ந்தவன், அடி வாங்கிப் பழகியவன். அவனுடையது அறியாமை அல்ல, தூய கூச்சம். ஆய்வுக்கு இதைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது.

அறிமுகம் நடக்கும் இடம் யாருடைய வாசமும் இல்லாத பொது நிலமாக இருக்க வேண்டும். பெண்களின் கூட்டில் கொண்டுபோய் விடுவது ஊர் எல்லை மீறிய குற்றம். தரை வழுக்கினால் வெருட்சி கூடும் என்பதால் பழைய போர்வை ஒன்று விரிக்கப்பட்டது. நடுவில் உலர்புல் குவியல். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். இந்த இரண்டாவது வாசல் சாதாரண விஷயம் அல்ல. ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் கூச்சக்காரன் நுழைந்தால், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாலே அவன் கதை முடிந்தது. புல் கூடுதலாகவே இருக்கட்டும். வாய்க்கு வேலை இருக்கும்போது பல்லுக்கு வம்பு தேடத் தோன்றாது.

அம்மம்மா கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். புட்டு பெட்டிக்குள் கல்லாய்ச் சமைந்திருந்தான். விழி பிதுங்கி, மீசை மட்டும் லேசாக ஆடியது.

"உவர் என்ன பிள்ளை, பெட்டிக்குள்ளயே இருக்கிறார்? கொஞ்சம் தள்ளிவிடன்."

"வேண்டாம் அம்மம்மா, கை வைக்காதேங்கோ. அவரா வரோணும்."

"அவரா வாறதுக்குள்ள பொம்பிளையள் எல்லாத்தையும் திண்டு முடிச்சுப்போடுவினம்."

அம்மம்மாவின் கூற்று அனுபவ வழிப்பட்டது. கொத்தமல்லியைப் பொறுத்தவரை சிறிது நேரத்தில் மெய்யும் ஆயிற்று. ஆனால் தள்ளிவிடும் யோசனையை இக்கட்டுரை மறுக்கிறது. அகத்திணையில் தோழியின் பணி பெரிது. தூது போவாள், குறியிடம் காட்டுவாள், வேளை வந்தால் அறத்தொடு நிற்பாள். கினிப்பன்றியின் களவியலில் தோழிக்கு விதிக்கப்பட்டிருப்பது ஒன்றே: பேசாமல் உட்கார்ந்திருத்தல். மனிதருக்கு இதைவிடக் கடினமான பணி கிடையாது. பாவம் நடுங்குகிறான் என்று தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். திரும்ப விடும்போது அறிமுகம் அட்சர சுத்தமாக முதலிலிருந்து தொடங்கும். எல்லாருக்கும் ஒரே வாசம் வரட்டும் என்று மூன்றையும் சேர்த்துக் குளிப்பாட்டுவோரும் உண்டு. வெருண்டு நனைந்த மூன்று பேர் நண்பராவார்கள் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அவர்கள் குடும்பப் பயணத்தில் மழையில் நனைந்தவர்களாக இருக்க முடியாது.

மெய்ப்பாடுகளுக்கு வருவோம். தொல்காப்பியர் சொன்ன எட்டில் அச்சத்தைப் புட்டு தனிக் குத்தகைக்கு எடுத்திருந்தான். வெகுளி பெண்களிடம். சம்பலும் சொதியும் பல்லை நறநறத்தார்கள், பிடரி மயிரைச் சிலிர்த்தார்கள், மூக்கை மேலே மேலே தூக்கி யார் மூக்கு உயரம் என்று போட்டி வைத்தார்கள். துரத்தலும், மேலே ஏறுவதும்கூட இதில் சேரும். இவையெல்லாம் பதவிப் பங்கீடு. பார்க்கச் சகிக்காது, ஆனால் கை வைக்கத் தேவையில்லை. இரண்டு விலங்குகள் பந்தாக உருண்டு இரத்தம் வந்தால்தான் எழும்ப வேண்டும். அப்போதும் வெறுங்கையை விடக் கூடாது. தடித்த துவாயைப் போட்டுப் பிரிக்க வேண்டும். கினிப்பன்றியின் முன்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது, அது சும்மா வளர்வதில்லை.

இளிவரல் தனியே நின்று நோக்கத் தக்கது. புட்டு ஒருவழியாக வெளியே வந்தான். கழுத்தை மட்டும் நீட்டி, பின்கால் இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்க, சொதியின் பின்புறத்தை மோந்தான். சொதி திரும்பவே இல்லை. இடுப்பைச் சற்று உயர்த்தினாள். பின்னோக்கி ஒரு பீச்சல். குறி தப்பவில்லை, முகம் முழுதும் மூத்திரம்.

"இதென்ன மரியாதை?" என்றார் அம்மம்மா.

"'இப்ப வேண்டாம்' எண்டு சொல்லுறது, அம்மம்மா."

"வாயால சொல்லலாம்தானே!"

மருமகளின் உரை பொருத்தமானது. பெண் கினிப்பன்றியின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 16 நாள். அதில் ஆணை ஏற்கும் பொழுது சில மணி நேரமே. மீதி நேரமெல்லாம் மறுப்புக்கு உரியது. ஆக, மறுப்பே விதி, ஏற்பு விலக்கு. சினிமாப் பாட்டு எழுதுவோர் இதை ஆராயாமல் விட்டது தமிழுக்கு நேர்ந்த இழப்பு. புட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு பெட்டிக்குள் போனான். போகும்போது ஒரு வாய் புல்லையும் கவ்விக்கொண்டு போனான். இந்தப் புல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கூசட்டும், ஒளியட்டும், தின்னும்வரை கவலையில்லை. தின்பதை நிறுத்திய கினிப்பன்றியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதன் குடல் அரை நாள் பட்டினியைக்கூடத் தாங்குவது கடினம்.

மாலையில் சம்பல் பெட்டியருகே வந்து, புட்டுவின் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்த கொத்தமல்லித் தண்டை அப்படியே உருவித் தின்றாள். வெளிப்பார்வைக்கு வழிப்பறி. எனினும் துரத்தவில்லை, பல் நறநறக்கவில்லை, பீச்சவும் இல்லை. பறித்துத் தின்னும் அளவுக்கு நெருங்கியாயிற்று என்பதால் இதை உறவின் முதற்படியாக வகைப்படுத்துகிறேன். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு மேல்விளக்கம் தேவைப்படாது.

துணை வந்தவுடன் பயம் தெளிந்துவிடும் என்று எதிர்பார்ப்போருக்கு ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்ஸர் குழுவினர் செய்த சோதனைகளைச் சொல்லலாம். புதிய இடத்தில் விடப்பட்ட ஆண் கினிப்பன்றியின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது. உடன் விடப்பட்டது அவனோடு பிணைப்புள்ள பெண் என்றால் ஏற்றம் வெகுவாகக் குறைகிறது. முன்பின் தெரியாத பெண்ணால் அந்தப் பயன் இல்லை. ஆகவே கூட்டத்தில் பெண் இருப்பது வேறு, தன்னுடையவள் இருப்பது வேறு. பிணைப்புக்கு நாள் பிடிக்கும். அதற்குள் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் பிரித்துப் பிரித்து வைத்தால் நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது.

இறுதியாக, தீராத ஒரு சர்ச்சை. ஆண் கினிப்பன்றி காதலை உறுமலால் தெரிவிக்கும். தொண்டையிலிருந்து தாழ்ந்த அதிர்வொலி எழ, பின்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, இடுப்பை ஆட்டி ஆட்டி மெதுவாக நடக்கும். சில நாள் கழித்து ஒரு மாலை புட்டுவிடமிருந்து அந்த ஒலி வந்தது. அதே நேரம் குசினியில் அம்மம்மா கிரைண்டரைப் போட்டிருந்தார். அதிர்வுச் சத்தம் பிடிக்காவிட்டாலும் கினிப்பன்றி 'ட்ர்ர்' என்று குறுக உறுமும். ஆகவே அது காதலா, கிரைண்டரா? காதற் கட்சிக்கு மருமகள் தலைமை. அவள் வாதம்: பயந்த உறுமல் என்றால் உடல் விறைத்து நின்றிருக்கும், புட்டு நடந்தான், அதுவும் சொதியை நோக்கி. கிரைண்டர்க் கட்சியின் பதில்: நடந்தது உண்மை, ஆனால் அவனுக்கும் சொதிக்கும் நடுவில் வெள்ளரித் துண்டு கிடந்தது.

நடுநிலைச் சோதனை ஒன்றுக்கு இரு தரப்பும் இசைந்தன. வெள்ளரியை அகற்றிவிட்டு அம்மம்மா மறுபடி கிரைண்டரைப் போட்டார். புட்டு அசையவில்லை. இடுப்பை ஆட்டிக்கொண்டு உறுமியபடி அவன் பெட்டியைச் சுற்றி வந்தது சம்பல். பருவம் வரும்போது பெண்ணும் உறுமுவதுண்டு. இக்கட்டுரையின் திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.