மூன்று ஷைகளும் ஒரு பாத்தியும்: புத்தளக் கரையோரப் பரீட்சைப் படிப்பு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

புத்தளக் கரையைப் பற்றி எழுதிய அறிஞர்களுக்குக் குறைவில்லை. 1344-இல் இங்கே வந்திறங்கிய இப்னு பதூதா, அரசனைப் பற்றியும் அவனிடமிருந்த முத்துக்களைப் பற்றியும் எழுதிவைத்தார். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834-இல் தம் கெசட்டியரில் இலங்கையின் ஊர்களை வரிசைப்படுத்தினார். 1859-இல் ‘தமிழ் புளூட்டார்க்’கில் புலவர்களை வரிசைப்படுத்தினார். ஏ.எல். எடுக்கப்போகும் பிள்ளை விடியச் சாமம் மூன்று மணிக்குக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதை மட்டும் இரண்டு பேருமே கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வாளரின் தகுதி

பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். எனப்படும் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எடுக்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் நம்மிடையே ‘ஷை’ என்று பெயர். மூன்று ஷைகளையும் பூரணமாக அனுபவித்தவன் என்ற வகையில் இந்த ஆய்வாளரின் தகுதியை எவரும் ஐயுற முடியாது.

ஒரேயொரு ஆளை வைத்து ஆய்வா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மறதியை முதன்முதலில் அளந்து 1885-இல் நூலாக்கிய ஜெர்மானியர் எபிங்ஹவுஸுக்கும் கிடைத்தது ஒரே ஆள்தான். அந்த ஆளும் அவரேதான். அவர் அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கினார். நான் பொருளியலைப் பாடமாக்கினேன். என் நிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

3. வகைப்பாடு

கரையோரத்துப் பரீட்சார்த்திகள் நான்கு வகைப்படுவர்.

முதலாமவர், நிறந்தீட்டுவோர். கையில் ஹைலைட்டர் இல்லாமல் இவர்களுக்கு எழுத்தே தெரியாது. முக்கியமானதற்கு மஞ்சள், மிக முக்கியமானதற்குப் பச்சை என்று தொடங்கி, கடைசியில் பக்கத்தில் வெள்ளையாக மிஞ்சிய இடம்தான் கண்ணில் படும். 2013-இல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடிடுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்த தட்டில் வைத்தார்கள். பேனைக் கம்பனிகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இரண்டாமவர், சுமப்போர். புத்தளம், கற்பிட்டி வீதிகளில் உலாவும் கழுதைகளை அறியாதவர் இல்லை. ஏடு சுமக்கும் கழுதையைப் பற்றிய உவமையும் நாம் குர்ஆன் ஓதும் பள்ளியில் கேட்டதுதான். டியூட்கள், பாஸ்ட் பேப்பர்கள், கொழும்பிலிருந்து வந்த போட்டோக் கொப்பிகள் எல்லாவற்றையும் இவர்கள் பையில் போட்டுக்கொண்டு திரிவர். சுமை கூடக் கூட மனதுக்கு ஓர் ஆறுதல். கழுதைக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

மூன்றாமவர், வெட்டுப்புள்ளி ஆராய்வோர். பெரும்பாலான பீடங்களுக்கு அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற கணக்கு இவர்களுக்கு மனப்பாடம். போன வருட இசட் ஸ்கோரை நான்காம் தசமத்தானம் வரை சொல்வார்கள். அதே நினைவாற்றலைப் பாடத்தின் மேல் செலுத்தினால் வெட்டுப்புள்ளியைத் தேட வேண்டிய அவசியமே இராது.

நான்காமவர், இடம் தேடுவோர். வீட்டில் சத்தம், பள்ளிவாசல் திண்ணையில் கூட்டாளிமார், கடற்கரையில் கச்சான் காற்று. காற்றுக் கச்சான் கொப்பியைப் புரட்ட, தின்கிற கச்சான் நேரத்தைப் புரட்டும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்நிலையம் இருந்தும் சரியாகப் படிக்க உட்காரும்போது கரண்ட் போவதாக இவர்கள் முறையிடுவர். கரண்ட் வந்த பிறகு என்ன நடந்தது என்பதை எவரும் பதிவுசெய்யவில்லை.

4. களப்பு மண்டபம்: ஒரு முன்மொழிவு

இடம் தேடுவோருக்கு அறிவியல் ஆதரவும் உண்டு. 1975-இல் கொடன், பாட்லி என்ற இருவர் சுழியோடிகளைத் தண்ணீருக்கடியில் சொற்களைப் பாடமாக்க வைத்தார்கள். தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியிலேயே நன்றாக ஞாபகம் வந்தது. கரையில் படித்தது கரையில். கடலட்டைக்குச் சுழியோடும் நம் மாவட்டத்துக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? பரீட்சை மண்டபத்தைப் புத்தளம் களப்புக்குள் இறக்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவைத் தயாரித்தேன். ஆனால் 2021-இல் இன்னொரு ஆய்வாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. பரீட்சைத் திணைக்களத்துக்குப் பெரிய செலவு மிச்சம்.

5. உப்பளக் கோட்பாடு

இரண்டாம் ஷைக்குப் பொருளியல் கொப்பியை ஏழு தடவை வாசித்திருந்தேன். மண்டபத்தில் கேள்வியைக் கண்டதும் அந்தப் பக்கம் கண்முன் வந்தது. இடது மூலையில் இருந்த பிளேன்டீக் கறை வந்தது. எழுத்துத்தான் வரவில்லை.

பெறுபேறு வந்த அன்று உப்பளத்தில் வேலை செய்யும் மாமாவிடம் போய் இருந்தேன். “ஏழு தரம் வாசிச்சன் மாமா” என்றேன். அவர் பாத்தியைக் காட்டினார்.

“பாத்தி நிறையத் தண்ணி நிண்டா உப்பு நிறைய இரிக்கிதெண்டு அர்த்தமில்ல மகன். வாரிக் கரையில போட்டாத்தான் உப்பு.”

உப்பு விளையும் விதம் இது. களப்புத் தண்ணீரைத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போவார்கள். உப்புக்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும். தண்ணீர் நன்றாகச் செறிந்த பிறகுதான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். மிஞ்சும் கைப்பு நீரை வடிக்காவிட்டால் உப்பும் கைக்கும்.

மாமா சொன்னதை 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் இருவரும் அளந்தே காட்டியிருந்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறையும் வாசித்த மாணவர்கள், ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்த மாணவர்கள் என்று இரண்டு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்கள் 83 வீதம், எழுதியவர்கள் 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. பரீட்சைக்கு முதல்நாள் இரவு ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுகிறதே, அது அந்த 83. பாத்தியில் நிற்கிற தண்ணீர்.

இதிலிருந்து இந்த ஆய்வு பெறும் கோட்பாடு: மறதி படிப்புக்கு எதிரியல்ல, வெயில். படித்ததை இரண்டு நாள் காயவிட வேண்டும். பிறகு கொப்பியை மூடி, வெறுந்தாளில் வார வேண்டும். வந்தது கொஞ்சமாக இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். திறந்து பார்த்து, விடுபட்டதற்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சி, மறுபடி காயவிட வேண்டும். மூன்றாம் ஷைக்கு இதைத்தான் செய்தேன். முதல் தாளில் ஆறு வரி வந்தது. அதில் இரண்டு ஜிப்சம்.

6. மறுப்புரைகள்

ஒரே இரவில் படித்துத் தேறியவர்களும் உண்டே என்பர். ஒரே இரவில் உப்பு விளைந்த பாத்தியைக் காட்டினால் இந்தக் கோட்பாட்டை மீட்டுக்கொள்கிறேன்.

மழை பெய்தால் என்பர். நியாயம். 2024 நவம்பர் இறுதியில் மழை வெள்ளத்தால் ஏ.எல். பரீட்சையே தள்ளிப்போனது. மழை உப்பையும் கெடுக்க, 2025-இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினோம். படிப்பை இறக்குமதி செய்ய இன்னும் கப்பல் வரவில்லை.

7. முடிவு

இக்கட்டுரையை எழுதி முடித்து மாமாவிடம் கொண்டுபோனேன். கையில் வாரியோடு நின்றவர், “நல்ல ஆராய்ச்சிதான் போல. சொல்லன் கேப்பம்” என்றார். நான் தாளை விரித்தேன்.

“அத மடிச்சு வச்சிட்டுச் சொல்லு மகன்.”

நிறந்தீட்டுவோர் வந்தார்கள். கழுதை வந்தது. நான்காம் வகை எது என்பதில் நின்றுவிட்டேன்.

“பரவாயில்ல,” என்றார் மாமா. “ரெண்டு நாள் கழிச்சு வா.”